நீர் நின்ற வயலும் எருவின் கணக்கும்

திருவிதாங்கூர் மண்ணில் தயாரான முதல் செயற்கைத் தழைச்சத்து விறகிலிருந்து வந்தது. ஆலுவாய்க்குப் பக்கம் ஏலூரில், பெரியாற்றங்கரையில் 1943-இல் நிறுவப்பட்ட ஃபாக்ட் உர நிறுவனம் 1947-இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நாஃப்தா பின்னால் வந்தது. ஆகவே காட்டு மரத்தைத் துண்டுபோட்டு உலையிலிட்டு வாயுவாக்கினார்கள். திவான் சி. பி. ராமசாமி ஐயரின் முனைப்பில் சேஷசாயி சகோதரர்கள் எழுப்பிய ஆலை அது. பின்னணியில் இருந்தது பசி. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. சமஸ்தானத்தின் சொந்த நெற்களஞ்சியங்களுள் ஒன்று தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்கள், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாடு. அது ஊருக்கெல்லாம் சோறு போடப் போதாது.

அந்த நாஞ்சில் நாட்டு வயல்களும் அதுவரை காட்டைத்தான் தின்றுகொண்டிருந்தன. மலையடிவாரத்துத் தழை கட்டுக்கட்டாகத் தலைச்சுமையாகவும் வண்டியிலும் இறங்கித் தொழியில் மிதிபட்டது. ஆக, இயற்கை உரம், செயற்கை உரம் என்று நாம் இன்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசும் இரண்டுமே இந்த நாட்டில் ஒரே காட்டில் தொடங்கியவை. ஒன்றில் இலை வயலுக்கு வந்தது. மற்றதில் மரம் உலைக்குப் போனது. எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், வயலுக்கு வந்த சத்து எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளையும் பூமி இது. கன்னிப்பூ புரட்டாசி வாக்கில் அறுப்புக்கு வரும், கும்பப்பூ மாசியில். கோதையாற்றை மறித்த பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தபின் இரண்டாவது பூவுக்கும் தண்ணீர் ஓரளவு உறுதியானது. ஆண்டில் பெரும்பகுதி சேறாகவே கிடக்கும் வயலுக்குச் சத்து பல வழிகளில் வந்தது. தொழுவத்துச் சாணமும் மூத்திரத்தில் நனைந்த கூளமும் உரக்குண்டில் மக்கின. அடுப்புச் சாம்பல் தனியாகச் சேர்ந்தது. கோடையில் குளம் வற்றியதும் வண்டல் வெட்டி வண்டியில் அடித்தார்கள். அறுத்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தினார்கள். பூவரசு, புங்கை, வேம்பு, கொழிஞ்சி என்று கைக்கு எட்டிய தழையெல்லாம் சேற்றுக்குள் போனது. கடலோரத் தென்னைகளுக்கு மீன் கழிவும் கிடைத்தது.

இந்தப் பட்டியலில் பெரும்பகுதி வயலுக்குள் உண்டானதல்ல. சாணம் என்பது வைக்கோலும் மேய்ச்சல் புல்லும் உருமாறியது. சாம்பல், விறகாக வந்த காட்டு மரம். வண்டல், மேட்டு நிலத்திலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்த மேல்மண். கிடை ஆடு பகலில் புறம்போக்கில் மேய்ந்துவிட்டு இரவில் வயலில் புழுக்கை போட்டது. ஓர் ஏக்கர் வயல் வளமாக இருக்க, அதைச் சுற்றி வேறு பல ஏக்கர் நிலம் மெலிந்தது. பழைய முறையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அதன் பரப்பளவை மறந்துவிட்டு விளைச்சலை மட்டும் நினைத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் வாதம். அதைச் சுமந்த தலைகளின் கூலி எந்தக் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதப்பட்டது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அளவுகளைப் பார்க்கலாம். இன்று விற்கும் யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து. ஆக ஒரு மூட்டையில் 20.7 கிலோ. நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை விழுக்காடு. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடுகட்ட நான்கு டன்னுக்கு மேல் எரு வேண்டும். அதிலும் முதல் பூவுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல வெளிப்படும். எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது தமிழ்நாட்டில் நெல்லுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ஏக்கருக்கு ஐந்து டன். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் போட்டாலும், ஆண்டு முழுக்கச் சேர்த்து மக்கவைத்தால் இரண்டு டன்னைத் தொடுவதே பாடு. ஏக்கருக்கு இரண்டு மூன்று மாடு கட்டித் தீனி போடாமல் அந்தப் பரிந்துரையை ஒரு பூவுக்குக்கூட நிறைவேற்ற முடியாது. உழவு எந்திரம் வந்து காளைகள் போனபின், நாஞ்சில் நாட்டின் எத்தனை தொழுவங்களில் மாடு நிற்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பயிரைப் பொறுத்தவரை பேதமே இல்லை. வேர் உறிஞ்சுவது அம்மோனியம் அல்லது நைட்ரேட். அது சாணத்திலிருந்து வந்ததா, ஏலூரிலிருந்து வந்ததா என்று நெல்லுக்குத் தெரியாது. இதை மிக நீண்ட காலம் சோதித்துப் பார்த்த இடம் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட். சூப்பர் பாஸ்பேட்டுக்கு 1842-இல் காப்புரிமை பெற்ற ஜான் லாஸ், கில்பர்ட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1843-இல் பிராட்பாக் என்ற வயலில் கோதுமைச் சோதனையைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. ஆண்டுக்கு எக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெற்ற பாத்தியும், சமச்சீராக ரசாயன உரம் பெற்ற பாத்தியும் நூறாண்டுக்கு மேலாக ஏறக்குறைய ஒரே விளைச்சலைத் தந்தன. மண்ணில்தான் வித்தியாசம். எருப் பாத்தியின் கரிமம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ரசாயனப் பாத்தியில் அப்படி உயரவில்லை. பக்கத்து ஹூஸ்ஃபீல்ட் வயலில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை எரு போட்டு நிறுத்திவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்த எருவின் மிச்சம் மண்ணில் தெரிகிறது. கடைசியில் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

குளிர்ந்த நாட்டுக் கோதுமை வயலை வைத்து நம்மூர் மண்ணைப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. கோயம்புத்தூரில் 1909-இலேயே ராதம்ஸ்டெட் மாதிரியில் நிரந்தர எருச் சோதனை தொடங்கிவிட்டது. இந்தியாவில் இந்த வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஆனால் கோவை மண் சுண்ணாம்புள்ளது. குமரி மண் அப்படியல்ல. இரண்டு பருவமழையும் கழுவி, சுண்ணாம்பு கரைந்து, இரும்பு மிஞ்சிய சரளைச் செம்மண் இங்கே அதிகம். அதற்கு ஒத்த மண் பாரதப்புழைக் கரையிலுள்ள பட்டாம்பியில் இருக்கிறது. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1961 முதல் தொழு உரம், தழை, அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் கலந்தும் இட்டு வருகிறார்கள். கலந்து இட்டவையே நிலைத்து நின்றன. அம்மோனியம் சல்பேட்டை மட்டும் நம்பிய பாத்திகள் பின்தங்கின.

காரணம் சிக்கலானதல்ல. நூறு கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்பு வேண்டும். யூரியாவுக்கு இது சற்றுக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே புளித்த மண்ணில் ஆண்டுதோறும் அதையே கொட்டினால், அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். மணிச்சத்து இரும்போடு பிணைந்து பயிருக்கு எட்டாமல் போகும். இமாசலத்துப் பாலம்பூரில் தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்திகளில் மக்காச்சோளமும் கோதுமையும் கடைசியில் விளையவே இல்லை. அங்கே குற்றவாளி ரசாயனம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே சோதனையில் மூன்று சத்தும் சுண்ணாம்பும் சேர்த்துப் பெற்ற பாத்தி நன்றாகவே விளைந்தது. பாழாக்கியது, ஒற்றைச் சத்தை மட்டும் பிடித்துக்கொண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் அரசின் விலைக் கொள்கைக்கும் பங்குண்டு: 2010-இல் மற்ற உரங்களின் மானியத்தை மாற்றியமைத்தபோது யூரியாவைத் தொடாமல் விட்டார்கள். இன்றும் ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் சொச்சம், டி.ஏ.பி. 1,350.

இனி நாஞ்சில் நாட்டுக்கே உரிய விஷயம். ரசாயன உரம் போட்டால் மண் செத்துவிடும் என்ற வாக்கியத்தை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நீர் நிற்கும் நெல்வயலைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு, பிறகு மூன்று போகம் நெல்லை இடைவிடாமல் பயிரிட்டு வருகிறது. வைக்கோலை வெளியே எடுத்துவிடுகிறார்கள், எரு போடுவதில்லை, ரசாயன உரம் மட்டும். அப்படியிருந்தும் மண்ணின் கரிமம் குறையவில்லை. சேற்றில் காற்று இல்லை. நீர் கட்டிய ஓரிரு நாளில் மண்ணிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் மக்குப் பொருள் மெதுவாகவே சிதையும். வேரும் தாளும் பாசியும் விட்டுச்செல்வதே அந்த இழப்பை ஈடுசெய்யப் போதுமானதாக இருக்கிறது. தண்ணீரில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தை வேறு பிடித்துத் தருகிறது. அதோடு, புளித்த மண்ணில் நீர் கட்டியதும் புளிப்பு தானாகவே தணிந்து நடுநிலைக்கு வரும். இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடும். எருவே காணாத வயலும் எப்படியோ ஏதோ விளைந்துகொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். தண்ணீர், வயலின் முதல் உரம்.

சேற்று வயலில் எருவுக்குக் கெடுதலான பக்கமும் உண்டு. பச்சைத் தழையைத் தாமதமாக மிதித்து உடனே நட்டால், அழுகும் தழை மண்ணிலிருந்து எஞ்சிய காற்றையும் இழுத்துக்கொள்ளும். இரும்பு அளவுக்கு மீறிக் கரைந்து நாற்றின் இலை செம்பழுப்பாகும். தழை மிதித்துப் பத்துப் பதினைந்து நாள் விட்டு நடுவதற்குக் காரணம் இதுதான். மக்காத வைக்கோல் மீத்தேனைக் கூட்டும். யூரியாவின் குறையும் சிறியதல்ல: நின்ற நீரில் தூவிய தழைச்சத்தில் நெல்லுக்குச் சேர்வது பொதுவாக முப்பது நாற்பது விழுக்காடுதான். மீதி அம்மோனியாவாகப் பறக்கிறது, நைட்ரஜன் வாயுவாகப் போகிறது, மறுகால் வழியே ஓடுகிறது. ஓடியது எங்கே போகும்? ஒரு வயலின் வடிகால் அடுத்த குளத்தின் வரத்து என்ற ஏற்பாட்டில் அமைந்த நாடு இது. குமரி மாவட்டத்தில் குளங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர்க் குளங்களுக்கும் வயல் நீர்தான் வருகிறது. ஊர்ச் சாக்கடையோடு இந்தச் சத்தும் சேர்ந்துதான் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. எருவிலிருந்து கசிவே இராது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயிர் இல்லாத காலத்திலும் எரு சத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ராதம்ஸ்டெட்டின் எருப் பாத்தியில் குளிர்கால மழையில் நைட்ரேட் நிறையவே வடிகிறது.

பழைய விளைச்சலையும் புதிய விளைச்சலையும் ஒப்பிடுகிறவர்கள் மறக்கும் இன்னொன்று விதை. கட்டிச்சம்பா போன்ற நாட்டு நெல்லுக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் சாய்ந்துவிடும். மெல்லக் கொடுக்கும் எரு அதற்குப் பொருத்தம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8-ஐயும் கட்டிச்சம்பாவையும் இணைத்து டி.பி.எஸ். 1 என்ற குட்டை ரகத்தை உருவாக்கியபோது, உரத்தைத் தின்று தானியமாக்கும் உடம்பு அந்த நெல்லுக்குக் கிடைத்தது. குறுகிய காலக் குட்டை ரகங்களுக்கு எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கிறார்கள். 12.5 டன் தொழு உரத்தில் இருப்பது 62 கிலோ, அதுவும் தவணையில். விதையை மாற்றாமல் உரத்தை மட்டும் மாற்றுகிறவர் விளைச்சலில் பாதியைப் பறிகொடுத்தாலும் வியப்பதற்கில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கை இதை நாடளவில் செய்து பார்த்தது. 2021 ஏப்ரல் இறுதியில் கோத்தபாய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தது. மண்ணின் மேல் இருந்த அக்கறையோடு, கையிருப்பில் டாலர் இல்லாததும் காரணம். லட்சக்கணக்கான ஏக்கருக்கு வேண்டிய எரு எங்கிருந்து வரும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. கப்பலில் சீனாவிலிருந்து இயற்கை உரமே இறக்குமதியானது; அதில் பயிருக்குக் கேடான பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கை இறக்க மறுத்தது, கடைசியில் 67 லட்சம் டாலரையும் கட்டியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. இதை இயற்கை வேளாண்மையின் தோல்வியாகக் காட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. இருந்த மாடும் தழையும் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காமல் இறங்கியதன் தோல்வி அது.

நாஞ்சில் நாட்டிலோ எந்தத் தடையும் அறிவிப்பும் இல்லாமல் வேறொரு மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. நெல்வயல் பெருமளவு சுருங்கிவிட்டது. மண் நிரப்பி வீட்டுமனை ஆனது போக, தென்னையாகவும் வாழையாகவும் மாறிய வயல் மிகுதி. வாழைக்கு வரப்பு வெட்டி, வடிகால் எடுத்து, மண்ணை மேடாக்குகிறார்கள். அந்தக் கணத்தில் வயலுக்குள் காற்று நுழைகிறது. தண்ணீருக்கடியில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாப்பாக இருந்த கரிமம், இந்த வெப்பத்தில் வேகமாக எரியத் தொடங்குகிறது. நீர் தணித்து வைத்திருந்த புளிப்பு திரும்புகிறது. லாஸ் பானோஸ் சோதனை சொன்ன ஆறுதல் இந்த மண்ணுக்குப் பொருந்தாது. இங்கே எரு இல்லாமல் யூரியாவும் பொட்டாஷும் மட்டும் இட்டால், மண் மெலிவது உறுதி. நெல் நின்றிருந்தபோது எரு ஒரு வசதி. வாழை வந்தபின் அது கட்டாயம். மாடுகள் போனதும் இதே காலத்தில்தான்.

சாம்பல் சத்தின் கதை இன்னும் மோசம். நெல் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு தானியத்துக்குப் போவதில்லை, வைக்கோலில் தங்குகிறது. டன்னுக்கு 12 முதல் 17 கிலோ. முன்பு படப்பிலிருந்த வைக்கோல் மாட்டு வயிற்றின் வழியாக வயலுக்குத் திரும்பியது. இப்போது கட்டுக் கட்டி லாரியில் கேரளத்து மாடுகளுக்குப் போகிறது. இரண்டு டன் வைக்கோல் போனால் ஏறத்தாழ ஒரு மூட்டை பொட்டாஷ் போனதாகக் கணக்கு. பொட்டாஷோ முழுக்க இறக்குமதி. அடுப்பில் காஸ் வந்ததும் சாம்பலும் நின்றது. வாழையோ மற்றெல்லாப் பயிரையும்விடப் பொட்டாசியத்துக்கு ஆலாய்ப் பறக்கும் பயிர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம் குலை குலையாக ஊரைவிட்டுப் போகும்போது அந்தச் சத்தும் சேர்ந்தே போகிறது.

பழைய கதவுகள் பலவும் மூடிக்கிடக்கின்றன. காட்டுத் தழைக்குத் திரும்ப வழியில்லை. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது, திரும்பவும் கூடாது என்பதே என் எண்ணம். குளத்து வண்டலை விவசாயி இலவசமாக எடுக்கலாம் என்று தமிழக அரசு 2017-இல் வழிசெய்தது; வண்டலும் செங்கல் சூளையும் ஒரே லாரியைத் தேடுவதால் வயலுக்கு எவ்வளவு வந்தது என்பது சந்தேகம். செய்யக்கூடியவை வயலுக்குள்ளேயே இருக்கின்றன. கன்னிப்பூவுக்கு முன் கிடைக்கும் கோடை இடைவெளியில் தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைத்து மடக்கி உழுதால், வெளியிலிருந்து ஒரு கட்டும் சுமக்காமல் தழைச்சத்து சேரும். வரப்பில் சீமைக்கொன்றை, தென்னந்தூருக்கிடையில் தொண்டு (தேங்காய் மட்டை) புதைத்த குழி, குலை வெட்டிய வாழைத்தடையை வெட்டி அங்கேயே போடுவது, இவற்றுக்கெல்லாம் கடன் வாங்க வேண்டியதில்லை. மேற்கே ரப்பர்த் தோட்டக்காரர்கள் இளங்கன்றுகளுக்கிடையில் புரேரியாக் கொடி படரவிடுவதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்; தழைச்சத்தை அந்தக் கொடி காற்றிலிருந்து பிடித்துத் தருகிறது. இதற்கு மேல் தேவைப்படும் மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் மண் பரிசோதித்து மூட்டை வாங்குவதில் பாவம் ஒன்றுமில்லை. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பை மறக்கக் கூடாது.

ஆனால் இந்த யோசனைகள் ஓரிடத்தில் முட்டி நிற்கின்றன. மாறிய வயல்களில் வாழை வைக்கிறவர்களில் பலர் அந்த நிலத்தின் உடைமையாளர்கள் அல்லர். பாட்டத்துக்கு எடுத்து ஒரு குலையோ இரண்டு குலையோ வெட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறவர்கள். யூரியாவின் பலன் அந்தப் பூவிலேயே கைக்கு வரும். ஹூஸ்ஃபீல்டில் இருபது ஆண்டு போட்ட எருவின் பலன் நூற்றைம்பது ஆண்டுக்குப் பரவியது. பாட்டக்காரர் கையில் இருப்பது பதினெட்டு மாதம். எரு அடிக்கும் கூலியை அவர் கொடுக்க, மீந்த கரிமம் நில உடையவருக்குப் போகும். உடையவர் நாகர்கோவிலிலோ துபாயிலோ இருக்கிறார். பாட்டப் பணம் வந்ததா என்று கேட்பார், மண்ணின் கரிமம் எவ்வளவு என்று கேட்கமாட்டார். பாட்டச் சீட்டில் குலை எண்ணிக்கைக்கும் வேலிக்கும் நிபந்தனை எழுதுகிறார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மண் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் ஒரு சீட்டையும் நான் இதுவரை பார்த்ததில்லை.